பணியில் இருக்கும் புழுக்கள்

பெரியவள் செத்துப்போனதை அந்நியத் தாவர ஒழிப்புத் துறையில் போய்ச் சொன்னால், யாராவது ஒருவர் 'அடடா' என்றாவது சொல்வார் என்று பால்காரர் நினைத்திருந்தார். பாவம், அதுவரை அவருக்கு அந்தத் துறையோடு பழக்கம் கிடையாது.

பெரியவள் என்பது பசு. அவருடைய தொழுவத்தில் இருந்ததே இரண்டு உருப்படிதான். ஒன்று பெரியவள், இன்னொன்று அவள் ஈன்ற சின்னவள். சின்னவள் இப்போது முதல் சினை. பால்காரரின் மனைவி அவளிடம் பேசுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால், மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். "அடியே, மெதுவாப் படுடி, வயித்தை அமுக்காதே" என்பார். அவளும் சொன்னபடி மெதுவாகத்தான் படுப்பாள்.

தொழுவத்துக்குப் பின்னால் வாய்க்கால். வாய்க்கால் கரை முழுக்கத் துறை மரங்கள். அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நிழல் தரும் என்று சொல்லி, எங்கோ கடல் தாண்டி இருந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டது துறைதான் என்பதால் ஊரில் துறை மரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்போது துறைக்கு நிழல் வளர்ச்சித் துறை என்று பெயர். மரம் கரையை விழுங்கி, வயலை விழுங்கி, வாய்க்காலில் தண்ணீரையும் உறிஞ்சிக் குடித்த பிறகு, அதே கட்டடத்தில், அதே நாற்காலிகளில், பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு அந்நியத் தாவர ஒழிப்புத் துறை உட்கார்ந்தது. நாற்காலிகளில் இருந்தவர்களும் அதே ஆட்கள்தான்.

மரத்தை ஒழிக்க அவர்கள் மறுபடியும் கடல் தாண்டிப் போய் ஒரு புழுவைக் கொண்டுவந்தார்கள். குளவி மாதிரியான ஒரு பூச்சியின் புழு. கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு இலையைத் தின்பதால் ஊரார் அதைக் கொத்துப்புழு என்றார்கள். ஒரு மரத்தை மொட்டையடித்ததும் கொத்து மொத்தமும் அடிமரம் வழியாக இறங்கி, வேறு போக்கிடம் இல்லாமல், வேர்ப்பக்கத்தில் குவிந்து செத்துக் காய்ந்துபோகும். அந்தக் குவியலிலிருந்து ஒரு வாடை வரும். மனிதருக்குக் குமட்டும். மாட்டுக்கு என்ன தோன்றுமோ தெரியாது, பெரியவள் அந்த வாடைக்கு அடிமையாகிப் போனாள். புல்லைத் தள்ளிவிட்டுக் குவியலை நக்கினாள். கொஞ்ச நாளில் கால் தடுமாறிற்று. பிறகு சுவரில் போய் முட்டிக்கொண்டாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஈரல் போயிடுச்சுங்க. புழுவோட உடம்பிலேயே விஷம் இருக்கு. செத்துக் காஞ்சாலும் போகாது. இதுக்கு மருந்தும் கிடையாது. சின்னவளும் ருசி பார்த்திருக்காளா?"

"அம்மா கூட ஒண்ணு ரெண்டு தடவை நக்கியிருக்கா."

"அப்ப தேடிப் போவா. கட்டிப் போடுங்க. முதல்ல அந்தக் குவியலைக் கூட்டிக் குழி தோண்டிப் புதைங்க. வாடை இருக்கிற வரைக்கும் அவ மனசு அங்கதான் இருக்கும்."

கூட்டுவது என்ன பெரிய காரியமா? ஒரு விளக்குமாறு, ஒரு கூடை, ஒரு மண்வெட்டி, அரை நாள் வேலை. ஆனால் கரை துறையுடையது. கேட்டுவிட்டுக் கூட்டலாம் என்று போனார் பால்காரர். கேட்காமலேயே கூட்டியிருக்க வேண்டும். கேட்கிற பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இந்த உலகத்தில் இத்தனை அலைச்சல்.

முறையீட்டுப் பிரிவில் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"சொல்லுங்க. உங்க எந்தச் செடியைப் புழு தின்னுச்சு?"

"செடி இல்லைங்க. மாடு."

"மாட்டைப் புழு தின்னுச்சா?"

"இல்லைங்க. மாடு புழுவைத் தின்னுச்சு."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு முறையீட்டைக் கேட்டதில்லை.

"அப்ப பாதிக்கப்பட்டது யாரு?"

"மாடுங்க. செத்துப்போச்சு."

"அது அப்புறம் நடந்தது. முதல்ல பாதிக்கப்பட்டது யாருன்னு யோசிச்சுச் சொல்லுங்க."

பால்காரர் யோசித்தார். எவ்வளவு யோசித்தாலும் பெரியவளின் முகம்தான் வந்தது.

"புழுங்க!" என்றார் குமாஸ்தா, மெதுவாக, கெட்ட செய்தி சொல்கிறவர் மாதிரி. "தின்னது உங்க மாடு. செத்தது எங்க களப்பணியாளர். நியாயமாப் பார்த்தா உங்க மாட்டு மேல நாங்கதான் முறையீடு எழுதணும். உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு, அதனால நான் எதையும் எழுதிக்கல. அது எவ்வளவு தின்னுச்சுன்னு மட்டும் வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பால்காரர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்த பிறகுதான், எதற்காக நன்றி சொன்னோம் என்று அவருக்குத் தலை சுற்றிற்று.

மாடியில் துணை இயக்குநர். அவர் அறையில் கொத்துப்புழுவின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்திருந்த துணை இயக்குநர், சிரித்த முகம், கனிவான குரல். கெட்ட எண்ணம் துளிக்கூட இல்லாத மனிதர். அதுதான் கொடுமை.

"சார், அந்தப் புழுவுல விஷம் இருக்காமே" என்று பால்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"இருக்கே!" துணை இயக்குநருக்கு முகமெல்லாம் பல். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நிறைய இருக்குங்க! இதுக்கு முன்னால ஒரு புழுவைக் கொண்டுவந்து விட்டோம். விஷமே இல்லாத அப்பாவி. குருவியும் எறும்பும் சேர்ந்து ஒண்ணு விடாம தின்னு தீர்த்துடுச்சு. தலைமையகத்துல எங்க மானமே போச்சு. அதனால இந்தத் தடவை எங்க நஞ்சு ஆய்வுப் பிரிவு உட்கார்ந்து, தேடித் தேடி, இருக்கறதுலயே விஷம் கூடின புழுவா எடுத்துக்கொடுத்தாங்க. தற்காப்புல முழு மதிப்பெண். ஒரு குருவி தின்னா போதும், அடுத்த குருவி கிட்டவே வராது."

"அந்த முதல் குருவி என்ன சார் ஆகும்?"

"அதை நாங்க பார்க்கல."

"என் மாடு செத்துப்போச்சு சார்."

"அடடா" என்றார் துணை இயக்குநர். பால்காரர் எதிர்பார்த்து வந்த சொல் கடைசியில் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"நான் வெளிப்படையாச் சொல்றேங்க" என்று தொடர்ந்தார் துணை இயக்குநர். "புழுவோட வாய்க்குள்ள என்ன போகுது, அதைப் பார்க்கறதுதான் எங்க வேலை. கத்தரி, வெண்டை, நெல்லு, வாழைன்னு தோட்டத்தையே கொண்டுவந்து அது முன்னால வச்சோம். எதையும் தொடல. எங்க இயக்குநர் வீட்டு ரோஜாவைக் கூட வச்சுப் பார்த்தோம், முகத்தைத் திருப்பிக்கிச்சு. அவ்வளவு ஒழுக்கமான புழு. ஆனா அது யாரோட வாய்க்குள்ள போகுதுங்கறது... அது வேற வாய். வேற துறை. கால்நடைத் துறைகிட்ட கேட்டா, புழு மாடு இல்லைன்னுவாங்க. அதுவும் சரிதானே?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். விழுந்து கிடக்கிறதைக் கூட்டிக்கிறேன். அதுக்கு அனுமதி குடுத்தா போதும்."

துணை இயக்குநரின் முகத்தில் முதன்முறையாகக் கவலை படர்ந்தது. "கூட்டறதா? எண்ணி முடிக்காமலா? அது எப்படிங்க? விழுந்த புழு, எண்ணி முடிக்கிற வரைக்கும் பணியில் இருக்கிறதாத்தான் கணக்கு. பணியில் இருக்கிறவங்களை விளக்குமாத்தால கூட்டலாமா? நாளைக்கு யாராவது வந்து என்னை இப்படிக் கூட்டினா நீங்க சும்மா இருப்பீங்களா?"

சும்மா இருக்கலாம் என்றுதான் பால்காரருக்குத் தோன்றியது.

எண்ணுவதற்கென்று ஒரு அலுவலர் இருந்தார். வாய்க்கால் கரைக்கு அவர் ஒருவரே. ஒரு முக்காலி, ஒரு குடை, ஒரு தட்டு, ஒரு சாமணம். குவியலிலிருந்து ஒவ்வொரு புழுவாகச் சாமணத்தால் எடுத்துத் தட்டில் வைத்து எண்ணுவார். தலையும் வாலும் முழுசாக இருந்தால்தான் கணக்கு. பாதியாக இருந்தால் மற்றப் பாதியைத் தேட வேண்டும். தேடுகிற நேரத்தில் மேலே மரத்திலிருந்து புதிதாக ஒரு கொத்து இறங்கி எண்ணின குவியலிலேயே விழும். அப்போது அவர் வானத்தைப் பார்ப்பார். பிறகு தட்டைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

"எப்பங்க முடிப்பீங்க?" என்று பால்காரர் பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்? நிறைய செத்தாத்தான் திட்டம் வெற்றி. அதனால நிறைய சாகணும்னு மேல வேண்டிக்கிறாங்க. சாகச் சாக என் வேலை கூடுது. எனக்கு ஓய்வு பெறுகிற வயசு வந்தாச்சு. இந்த மரத்தை முடிக்காம விட மாட்டேங்கறாங்க."

"நான் ராத்திரியோட ராத்திரியா கூட்டிடட்டுமா? நீங்க பாட்டுக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுக்கோங்க."

அலுவலர் சாமணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நான் இதுவரைக்கும் ஒரு புழுவைக் கூடப் பொய்யா எழுதினதில்லைங்க" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் அவரை வற்புறுத்தப் பால்காரருக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் மறுநாள் பட்டப்பகலில் துணிந்து கூட்டப் போனார். துறையின் காவலாளி பிடித்துக்கொண்டான். பணியாளர்களின் பணிக்கு இடையூறு என்று விளக்குமாற்றைப் பறிமுதல் செய்து, அதற்கு ஓர் அட்டை கட்டி, அலுவலக அறையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். வேறு விளக்குமாறு வாங்கலாம்தான். அடுத்த தடவை பறிமுதல் ஆவது விளக்குமாறாக இருக்காது, நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

வீட்டில் நிலைமை நாளுக்கு நாள் மோசமானது. சின்னவளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். வாய்க்கால் பக்கத்திலிருந்து காற்று வீசினால் போதும், கழுத்தை நீட்டிக்கொண்டு கத்துவாள். வைக்கோல் வேண்டாம், தவிடு வேண்டாம், தண்ணீர் கூட வேண்டாம். கயிறு உரசிக் கழுத்தில் புண் ஆகிவிட்டது. மனைவி புண்ணுக்கு மருந்து தடவியபடி அவளைத் திட்டினார், கெஞ்சினார், அழுதார்.

"உங்கம்மா போனது போதாதாடி உனக்கு? வயித்துல ஒரு உசிர வச்சுக்கிட்டு இப்படி அடம் பிடிக்கிறியே!" பிறகு கணவரிடம் திரும்பினார். "ஏங்க, எத்தனை நாளைக்குத்தான் இவளை இப்படிக் கட்டிப்போட்டே வச்சிருப்போம்? கயிறு அறுந்தா என்ன பண்ணுவோம்?"

பால்காரர் கடைக்குப் போனார். புதுக் கயிறு வாங்கி வந்து கட்டினார். அந்த முடிச்சை இறுக்கும்போது தன் கழுத்தையே இறுக்குவது போலத்தான் இருந்தது அவருக்கு.

இந்தச் சமயத்தில்தான் துணை இயக்குநரே வீடு தேடி வந்தார். மாடு செத்த செய்தி அங்கே இங்கே கசிந்து, புழுவைப் பற்றி ஊரில் கண்டபடி பேசுகிறார்களாம். ஆகவே துறை ஒரு நம்பிக்கை விழா நடத்தப் போகிறதாம். தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். வாய்க்கால் கரையில் மேடை.

"உங்க மாடு மேடையில வந்து நின்னா போதும்" என்றார். "புழு இருக்கிற கரையில வாழற மாடு, கொழுகொழுன்னு, சினையா நிக்குது. அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? அது எதையும் தின்ன வேணாம். சும்மா நிக்கட்டும். விழா முடிஞ்ச கையோட கூட்டறதுக்கு அனுமதி. எண்ணறதை நிறுத்திட்டு நானே கையெழுத்துப் போடறேன்."

மனைவிக்கு மனசே இல்லை. "கரைக்கா? அந்த வாடைக்கா? வேணாங்க."

"கயிறு என் கையில இருக்கும்மா. நிக்கப் போறா, வரப் போறா. அப்புறம் கரையையே சுத்தமாக் கூட்டிடலாம். இவளை அவுத்து விடலாம்." அவருக்கு அந்தக் கடைசி வார்த்தையில்தான் ஆசை முழுவதும். அவிழ்த்து விடலாம்.

விழா நாளன்று மனைவி சின்னவளைக் குளிப்பாட்டி, புண்ணின் மேல் துணி சுற்றி அனுப்பினார். மேடையில் வரிசையாக நாற்காலிகள். ஓரத்தில் சின்னவள், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பால்காரர். நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு மேசை. மேசையில் வெள்ளைத் துணி போட்டு மூடிய ஒரு பெரிய தட்டு.

துணை இயக்குநர் ஒலிவாங்கி முன்னால் நின்றார்.

"இந்த மரத்தை நாட்டுக்குக் கொண்டுவந்ததே நம் துறைதான் என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. மரத்தைக் கொண்டுவந்த அனுபவம் நமக்கு இருந்ததால்தான் புழுவைக் கொண்டுவர முடிந்தது! நாளைக்கு இந்தப் புழுவை ஒழிக்க வேண்டிய தேவை வந்தால், அதற்கும் நம்மை விட்டால் ஆள் இல்லை! (கைதட்டல்.) புழு விஷம் என்கிறார்கள். ஆம், விஷம்தான். வலிமை இல்லாத ஒருவரை நாம் பணியில் அமர்த்தியதாக யாரும் சொல்ல முடியாது. மாடு செத்தது என்கிறார்கள். இந்தப் புழு எந்த மாட்டையாவது தேடிப் போய்க் கடித்ததா? இல்லை. மாடுதான் தேடி வந்தது. நம் பணியாளர்கள் தங்கள் இடத்தில், தங்கள் மரத்தடியில், அமைதியாகச் செத்துக் கிடந்தார்கள். கடமையில் இதைவிட மேலான நிலை எனக்குத் தெரியவில்லை. இதோ, அவர்களுக்கு நம் மரியாதையைச் செலுத்துவோம்!"

தட்டின் மேலிருந்த துணியை எடுத்தார். தட்டு நிறையக் கொத்துப்புழு. அன்றைக்கு விழுந்தது. பெரியவர்கள் எழுந்து நின்று ஒரு நிமிடம் தலை குனிந்தார்கள்.

அந்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்தவள் ஒரே வெட்டாக வெட்டி இழுத்தாள். கயிறு பால்காரரின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. மேசை சாய்ந்தது. சின்னவள் முகத்தைத் தட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"ஐயோ, வேணாம்! வேணாண்டி!" பால்காரர் பாய்ந்து அவள் தலையைத் தூக்கினார். தாடையைப் பிளந்து, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, நாக்குக்கு அடியில், கடைவாயில், எங்கெல்லாம் விரல் போகுமோ அங்கெல்லாம் தோண்டித் தோண்டி வெளியே எடுத்தார். அவள் கடித்தாள். இரத்தம் வந்தது. அவர் விடவில்லை. வாயில் என்னென்னமோ சொல்லிக்கொண்டே எடுத்தார். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால், "தங்கமே, என் தங்கமே" என்றது மட்டும் கூட்டத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கூட்டம் உருகிப்போய்க் கை தட்டியது. துறையின் புகைப்படக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து படமாக எடுத்துத் தள்ளினார். "பாருங்கள், வற்புறுத்தாமலே தின்கிறது!" என்றார் துணை இயக்குநர். அவருக்கு நிஜமாகவே கண்ணில் நீர்.

எடுத்தது எவ்வளவோ, உள்ளே போனது எவ்வளவோ. சின்னவள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அவளும் சுவரில் முட்டிக்கொண்டாள். கடைசியில் மனைவியின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள், மெதுவாக, வயிறு அமுங்காமல். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று. மனைவி அழவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. பால்காரர் அவர் பக்கத்தில் உட்காரக் கூசி, வாசலிலேயே கிடந்தார்.

அனுமதி வந்து சேர்ந்தது. சொன்ன சொல் தவறாத துறை அது. விளக்குமாற்றையும் அட்டையோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

"இனி எதுக்கு?" என்றார் பால்காரர்.

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேற யாரோட மாடாவது வரும் இல்ல? கூட்டுவோம்."

இருவருமாகக் கூட்டினார்கள். கரை முழுக்கக் கூட்டி, ஆழமாகத் தோண்டிப் புதைத்து, மேலே கல் வைத்து மூடினார்கள். முடித்த அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் சோறு இறங்கிற்று. இனி இந்தக் கரையில் ஒரு மாடும் சாகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அந்தப் படத்தைத் துறை சுவரொட்டியாக அடித்து, துறை மரம் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர்தான் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சின்னவளின் முகம், அவள் வாய்க்குள் பால்காரரின் கை, விரலிடுக்கில் புழு, அவர் முகத்தில் நீர். கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது: 'தங்கமே, தங்கமே என்று அன்போடு ஊட்டுகிறார். ஆசையோடு தின்கிறாள்.'

"எடுக்கிற கையா, குடுக்கிற கையான்னு படத்துல தெரியலைங்க" என்றார் மருத்துவர், தலையைக் குனிந்துகொண்டு.

அந்த மாதக் கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பெண் தொழுவத்து வாசலில் வந்து நின்றாள். வெகு தூரம் நடந்து வந்த களைப்பு. ஒரு கையில் கயிறு, கயிற்றின் முனையில் இளம் பசு. இடுப்பில் ஒரு பாத்திரம், மேலே ஈரத் துணி.

"அண்ணே, படத்துல இருக்கிறது நீங்கதானே?" என்று அவள் முகம் மலர்ந்தாள். "உங்களைப் பார்க்கத்தான் விசாரிச்சு விசாரிச்சு வந்தேன். எங்க ஊர்ல இந்த வருஷம் புல்லே இல்லைண்ணே. படத்தைப் பார்த்துட்டுத்தான் புழுவைக் குடுக்கத் தைரியம் வந்துச்சு. முதல்ல இவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அப்புறம் நீங்க செய்ற மாதிரியே, நாக்குக்கு அடியில கையை விட்டு, 'தங்கமே, தங்கமே'ன்னு சொல்லிச் சொல்லி ஊட்டினேன். இப்ப வேற எதையும் தொட மாட்டேங்கறா."

உள்ளிருந்து மனைவி வந்தார். பசுவைப் பார்த்தார். அதன் கால் இலேசாகத் தடுமாறுவதையும் பார்த்தார். பேசாமல் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி, துணியை விலக்கி, பால்காரர் முன்னால் நீட்டினாள்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. உங்க கையால ஒரு வாய் ஊட்டி விடுங்கண்ணே."